தாமரை இலையும் தகரக் கூரையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் நாடகமும் முழங்க வேண்டிய மேடையிலே பெயிண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது நாமாகத் தேடிக்கொண்ட பெருமையன்று. சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் நம் சங்க மண்டபத்தின் கூரையைப் பற்றி எழுந்த விவாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மும்பையின் நான்கு மாத மழையும், கடலிலிருந்து வீசும் உப்புக் காற்றும் சேர்ந்து நம் தகரத் தகடுகளை ஆங்காங்கே துருவேறச் செய்துவிட்டன. குழந்தைகளின் திருக்குறள் ஒப்பித்தற் போட்டியன்று நடுவரின் மதிப்பெண் தாள்மேலேயே நீர் சொட்டிற்று.

இதனைச் சீர்செய்ய மூவர் மூன்று வழி கூறினர். முதலாமவர், பழைய தகடுகளைக் கழற்றிவிட்டு, தொழிற்சாலையிலேயே புளோரின் பூச்சு ஏற்றப்பெற்ற புதுத் தகடுகளை வேய்ந்து தருவதாகச் சொன்னார். இரண்டாமவர், இருக்கும் தகடுகளைச் சுரண்டித் துடைத்து, பிரைமர் கொடுத்து, அதன்மேல் புளோரின் பெயிண்ட் அடிப்பதாகச் சொன்னார். மூன்றாமவரோ ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இது டெஃப்லான். ஒரே நாளில் தெளித்து முடித்துவிடுவோம். இருபது ஆண்டுக்குக் கவலையில்லை" என்றார். அவர் கேட்ட தொகையும் மற்றவர்கள் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கே. கூட்டத்தின் மனம் டப்பாவின் பக்கம் சாய்ந்தது. "மூன்றிலும் இருப்பது புளோரின்தானே! பிறகு மலிவானதை எடுத்தால் என்ன?" என்று அன்பர் ஒருவர் வினவினார்.

நியாயமான வினா. கட்டட நிதியில் இருப்பது இக்காலனிக் குடும்பங்கள் மாதச் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்த சந்தாப் பணம். அதில் ஒரு ரூபாயும் வீணாகலாகாது. நாம் முப்பது ஆண்டுகள் பெயிண்ட் ஆய்வுக்கூடத்தில் காலம் கழித்தவர்களாதலால், விடை கூறும் பொறுப்பு நம் தலையில் வந்து விழுந்தது. அன்று கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முயன்று தோற்றோம். இன்று தலைவர் அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்.

தாமரை இலைத் தண்ணீரிலிருந்து தொடங்குவோம். பற்றற்றவனுக்கு உவமையாக நம் முன்னோர் எடுத்துக்கொண்டது அது. நீர்த்துளி இலைமேல் முத்தாக நிற்கிறது. காற்றசைந்தால் உருண்டோடி விடுகிறது. தாமரை இலையில் புளோரின் இருக்கிறதா என்றால், இல்லை. இருப்பது சாதாரண மெழுகு. ஆனால் அம்மெழுகு கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுகளின்மேல், அவற்றினும் நுண்ணிய குழல்களாக எழுந்து நிற்கிறது. நீர்த்துளி அந்த முனைகளின்மேல் அமர்கிறது, அடியில் காற்று. துளியின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் கோணத்தை அளந்தால் 150 டிகிரிக்கு மேல் வருகிறது. மனிதன் செய்த பொருள்களுள் நீரை மிகவும் வெறுப்பது புளோரின் சேர்ந்த பரப்பு. அதை எவ்வளவு வழவழப்பாக அமைத்தாலும் கோணம் 120 டிகிரியைத் தாண்டுவதில்லை. சாதாரண மெழுகு தன் அமைப்பின் வலிமையால் புளோரினை வென்றுவிடுகிறது. இவ்வுரை முழுவதும் இந்த ஒரு செய்தியைத்தான் வேறு வேறு இடங்களில் காட்டப் போகிறோம்: ஒரு பூச்சில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதைக் கேட்பவர், அது எவ்வாறு கோக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

கோத்தல் என்றோம். பிளாஸ்டிக், பெயிண்ட், ரப்பர் யாவும் பாலிமர் என்னும் இனம். பலபடி என்று பாட நூல்களில் எழுதுகிறார்கள். இதற்குப் பூச்சரத்தைவிடச் சிறந்த உவமை கிடையாது. கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட நார் ஆகின்றன. ஒவ்வொரு கார்பனிலும் இரண்டு பூக்கள். அப்பூக்கள் ஹைட்ரஜனாக இருந்தால் அது பாலித்தீன். கடைக்காரர் நமக்குப் பொருள் கட்டித் தந்த பைகளின் சரக்கு. அந்த ஹைட்ரஜன் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுப் புளோரினை வைத்தால் அது டெஃப்லான். நார் ஒன்றே, பூ வேறு.

பூ மாறியதும் என்ன நேர்கிறது? ஹைட்ரஜன் சிறியது. அது தொடுத்த சரத்தில் நார் வெளியே தெரியும். புளோரின் சற்றுப் பெரியது; பக்கத்துப் பூவோடு இடித்துக்கொள்கிறது. இடநெருக்கடியால் சரம் நேராக நிற்க முடியாமல் முறுக்கிக்கொள்கிறது. 19 டிகிரி செல்சியசுக்குக் கீழே 13 கார்பனுக்கு ஒருமுறையும், அதற்கு மேலே 15 கார்பனுக்கு ஒருமுறையுமாகச் சரம் அரைச்சுற்றுத் திரும்புகிறது. முறுக்கிய கயிற்றைச் சுற்றிலும் புளோரின் பூக்கள் இடைவெளியின்றி மூடிக்கொள்ள, உள்ளே உள்ள நார் எவர் கண்ணுக்கும் படுவதில்லை. அமிலம் வந்தாலும் காரம் வந்தாலும் தொடுவதற்குப் புளோரின்தான் கிடைக்கிறது. அந்தப் புளோரினோ கார்பனை விட்டு எளிதில் பிரியாது. அப்பிணைப்பை அறுக்க ஒரு மோலுக்குச் சுமார் 485 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஹைட்ரஜனைப் பிரிக்கச் சுமார் 413 போதும். நிலத்தை எட்டும் புற ஊதாக் கதிர்களுள் கடுமையானவை சுமார் 400 கிலோஜூல் வரை சுமந்து வருகின்றன. இவ்விரு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பால்கனியில் கிடக்கும் பிளாஸ்டிக் வாளி ஏன் இரண்டு கோடையில் நொறுங்குகிறது என்பதும், புளோரின் பூச்சு ஏன் வெயிலைப் பொருட்படுத்துவதில்லை என்பதும் ஒருவாறு விளங்கும்.

எண்ணெய் ஒட்டாமைக்கும் காரணம் இதுவே. ஒரு நீர்மம் ஒரு பரப்பின்மேல் பரவ வேண்டுமானால், அப்பரப்பு அதை இழுக்க வேண்டும். அந்த இழுப்பை அளக்கும் அளவுகோலில் பாலித்தீன் 31, டெஃப்லான் 18 அல்லது 19. சமையல் எண்ணெயின் அளவு முப்பதுக்குச் சற்று மேல், நீருடையது 72. ஆகவே எண்ணெய் பாலித்தீன்மேல் படர்ந்து பிசுக்காகிறது. டெஃப்லான்மேல் திரண்டு நிற்கிறது.

இத்தகைய பொருளை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. 1938ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், அமெரிக்காவின் நியூஜெர்சியில் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் என்னும் 27 வயது வேதியியலார், குளிர்சாதனப் பெட்டிக்குப் புதிய வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். வாயு நிரப்பிய உருளையின் குழாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. எடைபோட்டுப் பார்த்தால் எடை குறையவில்லை. வேறொருவராயிருந்தால் உருளை பழுது என்று ஒதுக்கியிருப்பார். அவரும் அவருடைய உதவியாளரும் உருளையை அறுத்துப் பார்த்தனர். உள்ளே வெள்ளைத் தூள். வாயுவின் மூலக்கூறுகள் தாமாகவே சரமாகக் கோத்துக்கொண்டிருந்தன. அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியம் ஹெக்சாபுளோரைடு என்னும் கொடிய அரிப்பு வாயுவைக் கையாள அத்தூள் பயன்பட்டது. டெஃப்லான் என்னும் வணிகப் பெயர் 1945இல் பதிவாயிற்று.

இனி அதன் குறையைச் சொல்ல வேண்டும். எப்பொருளும் அண்டாத குணம், பூசுவோருக்குப் பெரும் தொல்லை. பெயிண்ட் என்றால் ஒரு கரைப்பானில் கரைய வேண்டும். டெஃப்லான் எந்தச் சாதாரணக் கரைப்பானிலும் கரையாது. கரையாவிட்டால் உருக்கியாவது ஊற்ற வேண்டும். 327 டிகிரியில் அது உருகுகிறது. ஆனால் சரங்கள் மிக மிக நீளமாதலால், உருகிய பின்னும் பாகாக ஓடுவதில்லை. இறுகிய களிபோல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே அதன் துகள்களை நீரில் கலந்து தெளித்து, உலர்த்தி, சுமார் 370 முதல் 400 டிகிரி வெப்பத்தில் சுட்டு, துகளோடு துகள் ஒட்டச் செய்கிறார்கள். குயவர் சூளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் சகோதரியார் ஒருவர் வெகு நாளாக ஒரு கேள்வி வைத்திருக்கிறார். "எதுவும் ஒட்டாத டெஃப்லான் தவாவில் மட்டும் எப்படி ஒட்டியது?" என்பது அது. இதற்கு விடை கண்டவர் மார்க் கிரெகுவார் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். 1954இல் அவர் அலுமினியத்தை அமிலத்தால் அரித்து, கண்ணுக்குப் புலப்படாத குழிகள் நிறைந்ததாக்கினார். அக்குழிகளுக்குள் துகள்கள் புகுந்து, சுடும்போது பிடித்துக்கொண்டன. பசையால் ஒட்டியதன்று, வேர்விட்டு நிற்பது. தூண்டில் கருவிகளுக்காக அவர் செய்துவந்த இதனைச் சமையற் பாத்திரத்துக்குப் பயன்படுத்தலாகாதா என்று கேட்டவர் அவருடைய மனைவியார் கொலெத். 1956இல் டெஃபால் நிறுவனம் பிறந்தது. இக்கதையில் நமக்கு வேண்டியது ஒன்று: குழியும் சூளையும் இன்றி டெஃப்லான் உலோகத்தின்மேல் நில்லாது. இரும்புக் கரண்டியால் சுரண்டினால் வேர் அறுந்து பெயர்ந்து வருவதும் இதனாலேயே. பெயர்ந்த துணுக்கு தோசையோடு வயிற்றுக்குள் போய்விட்டதே என்று அஞ்ச வேண்டாம்; அது செரிமானம் ஆகாமலே வெளியேறிவிடும்.

அஞ்ச வேண்டியது வேறு. இதைச் சொல்ல நமக்கு நாணமாக இருக்கிறது, ஆயினும் சொல்கிறோம். எட்டு ஆண்டுகளுக்கு முன் நம் பேத்தி லவ் பேர்ட்ஸ் எனப்படும் சிறு கிளிகள் இரண்டை வளர்த்து வந்தாள். கூண்டு சமையலறைச் சன்னலோரம் தொங்கும். ஒரு நாள் மாலை வெறும் நான்-ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்துத் தீயையும் பெரிதாக்கிவிட்டு, வாயிலில் வந்தவரோடு பேசப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது தவாவிலிருந்து மெல்லிய புகை. அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்தோம். சற்று நேரத்தில் இரு பறவைகளும் கூண்டின் அடியில் விழுந்து கிடந்தன. பள்ளியிலிருந்து வந்த குழந்தை நம் முகத்தைப் பார்த்தது. முப்பது ஆண்டுகள் இத்தொழிலில் இருந்தவர்கள் நாம்.

வெறும் தவா, பெரிய தீயில், சில நிமிடங்களிலேயே 300 டிகிரியைத் தாண்டிவிடும். அவ்வெப்பத்தில் சரம் அறுந்து நச்சுத் துகள்களும் வாயுக்களும் எழுகின்றன. பறவையின் நுரையீரல் காற்றை நம்மினும் முழுமையாகப் பிழிந்தெடுப்பது. ஆகவே அது உடனே மடிகிறது. மனிதருக்கு இன்புளுயன்சா போன்ற குளிர் காய்ச்சல் வரும். ஓரிரு நாளில் தணியும். 1951லேயே மருத்துவர்கள் இதனை விவரித்து எழுதியிருக்கிறார்கள். தாய்மார்கள் தவாவைக் கைவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வெறுமையாகக் காய வைக்காதீர்கள். தீயை நடுத்தரமாக வையுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். மொறுமொறுப்பான தோசை வேண்டுமென்போர்க்குப் பாட்டியின் இரும்புக் கல்லுக்கு ஈடு ஏது? இது பெயிண்ட்காரன் சொல்லும் சமையற் குறிப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

டெஃப்லான் இவ்வாறு முரண்டு பிடிக்கவே, வேதியியலார் சரத்தின் கட்டை மாற்றத் தொடங்கினர். நேரான சரத்தில் ஆங்காங்கே ஒரு முடிச்சுப்போலக் கிளை வைத்தனர். சரங்கள் முன்போல் நெருங்கி அடுக்க முடியவில்லை. அத்துடன் நீளத்தையும் குறைக்கவே பாகாக உருகி ஓடின. எஃப்.இ.பி., பி.எஃப்.ஏ. என்னும் எழுத்துக்களால் அவற்றைக் குறிப்பர். மின்கம்பி உறைகளுக்கும், அமிலத் தொட்டிகளின் உட்பூச்சுக்கும் அவை உதவும். நம் கூரைக்கு அவற்றால் பயன் இல்லையாதலால் மேலே செல்வோம்.

கூரைக்கு உரியது அடுத்த மாற்றம். ஒரு கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், அடுத்ததில் இரண்டு புளோரின் என்று மல்லிகையும் கனகாம்பரமும் போல மாற்றி மாற்றித் தொடுத்தனர். இதற்குப் பி.வி.டி.எஃப். என்று பெயர். டெஃப்லானைவிடப் புளோரின் குறைவு. ஆகவே காப்பும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? கட்டடத்துக்கு வந்தபோது நேர்மாறாயிற்று. புளோரின் கார்பனுக்கு அடுத்த ஹைட்ரஜன் சற்று மின்னேற்றம் பெற்று, பிறரிடம் கை நீட்டும் குணத்தை அடைகிறது. அக்ரிலிக் என்னும் வேறொரு பாலிமரில் உள்ள ஆக்சிஜன் அக்கையைப் பற்றிக்கொள்கிறது. எவரோடும் சேராத குலத்தில் பிறந்த ஒன்று, அயலாரோடு சம்பந்தம் செய்துகொண்டது போல! பி.வி.டி.எஃப். எழுபது பங்கும் அக்ரிலிக் முப்பது பங்கும் கலந்த பெயிண்ட் 1965இல் கட்டடச் சந்தைக்கு வந்தது. அக்ரிலிக் வண்ணத்தையும் பிரைமரையும் பற்றிக்கொள்கிறது, பி.வி.டி.எஃப். வெயிலைத் தாங்குகிறது. உயர்ந்த கட்டடங்களின் அலுமினியச் சுவர்களில் பல்லாண்டு நிறம் மங்காது நிற்பது இதுவே. ஆனால் இதனையும் சூட்டடுப்பில் 230 முதல் 250 டிகிரி வரை ஏற்றித்தான் படியச் செய்ய வேண்டும். ஆகவே தொழிற்சாலையில் தகட்டின்மேல் ஏற்றலாம். மண்டபத்தின்மேல் ஏறி நின்று பூச இயலாது. முதலாமவர் புதுத் தகடு என்று சொன்னதன் காரணம் இப்போது விளங்கும். அவர் சொன்னது உண்மை. விலைதான் நமக்கு எட்டவில்லை.

கூரைமேல் நின்று தூரிகையால் பூசத்தக்க புளோரின் பெயிண்ட் இல்லையா என்றால், உண்டு. ஜப்பான் நாட்டின் அசாகி கிளாஸ் நிறுவனத்தார் 1982இல் அதைக் கொண்டுவந்தனர். அதன் கட்டு நம்மை இன்றும் வியக்க வைக்கிறது. புளோரின் தாங்கிய ஒரு கண்ணி, வினைல் ஈதர் என்னும் சாதாரணக் கண்ணி ஒன்று, மறுபடி புளோரின் கண்ணி என்று மாறி மாறி வருகிறது. வினைல் ஈதர் தனித்து நின்றால் வெயிலில் விரைவில் சிதையும். ஆனால் இரு பக்கமும் புளோரின் காவலர் நிற்க, நடுவே அது குழந்தைபோல் பிழைத்திருக்கிறது. அக்குழந்தை செய்யும் உதவியோ பெரிது. அதனால்தான் சரம் கரைப்பானில் கரைகிறது, பளபளப்புப் பெறுகிறது, அதன் முனையில் உள்ள ஹைட்ராக்சில் கொக்கி, உடன் கலக்கும் கெட்டிப்பானோடு சாதாரண வெப்பத்திலேயே பிணைந்து, சரங்கள் தனித்தனியே நில்லாமல் வலையாகப் பின்னிக்கொள்கின்றன. சூளை வேண்டாம், அடுப்பு வேண்டாம். 1998இல் திறக்கப்பட்ட ஜப்பானின் அகாசி கைக்கியோ பாலத்துக்கு மேற்பூச்சாக அமைந்தது இவ்வகைப் புளோரின் பெயிண்ட்தான். 1991 மீட்டர் நடுத்தாவு கொண்ட அப்பாலம் நிற்பது கடலின்மேல். உப்புக் காற்று நம்முடையதைவிடக் குறைந்ததன்று.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. அப்பாலத்தைத் துருவிலிருந்து காப்பது புளோரின் மட்டும் என்று எண்ணிவிடலாகாது. மேலே புளோரின், நடுவில் எப்பாக்சி, அடியில் துத்தநாகத் தூள் நிறைந்த பிரைமர் என்று அடுக்கடுக்காக அமைத்திருக்கிறார்கள். எந்தப் பூச்சும் நீராவியையும் ஆக்சிஜனையும் அறவே தடுத்துவிடாது. துருவோடு போரிடுவது அடி அடுக்கு. அதன்மேல் வெயில் படாமல் குடை பிடிப்பது புளோரின். குடைக்கு விலை கொடுத்துவிட்டுச் சட்டையை மறந்தவன் கதை பல கட்டடங்களில் பார்த்திருக்கிறோம்.

இனி மழைக்கோட்டுக்கு வருவோம். பள்ளிப் பிள்ளைகளின் மழைக்கோட்டும் பையும் இரண்டாம் மழைக்காலத்தில் ஏன் நனைகின்றன என்று கேட்காத தாய் இக்காலனியில் இல்லை. துணிக்குப் பூசும் புளோரின் வேறு வகைக் கட்டு. அங்கே நார் சாதாரண நார். அதிலிருந்து சீப்பின் பற்களைப்போலப் புளோரின் கிளைகள் தொங்குகின்றன. இதுவும் தற்செயலாகக் கிடைத்ததே. 1953இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில், விமான எரிபொருள் குழாய்க்கு ரப்பர் தேடிக்கொண்டிருந்த கூடத்தில், உதவியாளர் ஒருவரின் காலணிமேல் ஒரு துளி சிந்திற்று. எதைக்கொண்டு கழுவியும் போகவில்லை; அவ்விடத்தில் அழுக்கும் ஒட்டவில்லை. பேட்சி ஷெர்மன் என்னும் அம்மையாரும் சாமுவேல் ஸ்மித்தும் அதனைப் பின்தொடர்ந்து 1956இல் ஸ்காட்ச்கார்டு ஆக்கினர்.

சீப்பின் பல் நீளமாக இருக்க வேண்டும். புளோரின் சுமந்த கார்பன் எட்டு அல்லது அதற்கு மேல் இருந்தால், பற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிமிர்ந்து, நெல் நாற்றுப்போல் வரிசையாக நின்றுவிடுகின்றன. நுனியில் மூன்று புளோரின் பூக்கள். அந்நுனிகள் மட்டுமே நெருங்கி நிற்கும் பரப்பில், முன்னர்ச் சொன்ன அளவுகோல் 6 வரை இறங்குகிறது. டெஃப்லானில் மூன்றில் ஒரு பங்கு. பற்களில் ஆறு கார்பன்தான் என்றால் அவை வரிசைப்படுவதில்லை, தளர்ந்து அலைகின்றன. காய்ந்த துணியில் அவையும் வெளியே பார்த்து நின்று நீரை உருட்டுகின்றன. நீர் சிறிது நேரம் படிந்து நின்றாலோ, அப்பற்கள் உள்ளே மடங்கிக்கொள்ள, நீரை விரும்பும் நார்ப்பகுதி வெளியே திரும்பிவிடுகிறது. கோட்டு நனைகிறது. துவைத்து உலர்த்தியபின், விவரச் சீட்டு அனுமதித்தால், இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டுப் பாருங்கள். மடங்கிய பற்கள் பெரும்பாலும் மீண்டும் நிமிரும். புதுக் கோட்டு வாங்குமுன் இதைச் செய்யலாம்.

நீண்ட பல்லே சிறந்ததென்றால் அதையே செய்யலாகாதா என்பீர்கள். அங்கேதான் பெரும் துயரம் ஒன்று இருக்கிறது. எட்டுக் கார்பன் கிளைகள் காலப்போக்கில் அறுந்து, பி.எஃப்.ஓ.ஏ. என்னும் அமிலமாகவும் அதன் உறவுப் பொருள்களாகவும் மாறி நீரில் கலக்கின்றன. அந்த அமிலமே டெஃப்லான் செய்வதற்கும் துணைப்பொருளாக வெகுகாலம் பயன்பட்டது. எந்தப் பிணைப்பின் உறுதியை இவ்வளவு நேரம் புகழ்ந்தோமோ, அதே உறுதியால் அவை மண்ணிலும் நீரிலும் அழிவதில்லை. மனித இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் தங்குகின்றன. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் நகரையடுத்த டூபாண்ட் ஆலையால் குடிநீர் கெட்டு, மக்கள் நீதிமன்றம் சென்றனர். 3எம் நிறுவனம் 2000இல் எட்டுக் கார்பன் பொருள்களைக் கைவிடுவதாக அறிவித்தது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009இல் பி.எஃப்.ஓ.எஸ். என்பதையும், 2019இல் பி.எஃப்.ஓ.ஏ. என்பதையும் பட்டியலில் சேர்த்தது. 2023இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பின்னதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. இதனால்தான் துணித் தொழில் ஆறு கார்பனுக்கு இறங்கிற்று. இப்போது புளோரினே வேண்டாம் என்னும் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஆறு கார்பன் பொருள்களும் அழியாதவையே. நம் கருத்தைக் கேட்டால், பிள்ளைகளின் மழைக்கோட்டுக்குப் புளோரின் தேவையில்லை. ரப்பர் தடவிய பழைய கோட்டு போதும். எண்ணெயும் அமிலமும் தெறிக்கும் தொழிலாளியின் உடைக்கு வேண்டுமானால் அது வேறு பேச்சு.

கல்லுக்கும் இக்கதை உண்டு, சுருக்கமாகச் சொல்வோம். 1980களில் இத்தாலியின் ஃபுளாரன்சு நகரத்து அறிஞர்கள், பழைய சலவைக்கல் சிற்பங்களை மழையிலிருந்து காக்கப் புளோரின் நிறைந்த ஒருவகை எண்ணெயைத் தடவினர். நீர் நன்றாக விலகிற்று. ஆனால் அவ்வெண்ணெய்க்குக் கல்லைப் பற்றிக்கொள்ளக் கை இல்லை. மெல்ல மெல்லக் கல்லின் உள்ளே நகர்ந்து, மேற்பரப்பை வெறுமையாக விட்டுவிட்டது. பின்னர் சரத்தின் முனையில் அமைடு என்னும் கொக்கியை வைத்தனர். அது கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது. தவாவுக்குக் குழி செய்த வேலையை இங்கே கொக்கி செய்கிறது.

இப்போது அந்த டப்பாவைத் திறப்போம். உண்மையான டெஃப்லான் கரையாது, ஓடாது, 370 டிகிரி சூளையின்றிப் படியாது என்று கண்டோம். நம் கூரையையோ, மோட்டார்க் காரையோ அச்சூட்டில் வைக்க எவராலும் ஆகாது. ஆகவே சாதாரண வெப்பத்தில் தெளித்துக் காயவிடும் டப்பாவில் டெஃப்லான் தூள் இருக்கலாம். ஆனால் அத்தூளைத் தாங்கிப் படலமாக நிற்பது வேறொரு பிசின். பாயசத்தில் முந்திரி கிடப்பதால் அது முந்திரிப் பாயசமாகலாம்; முந்திரி ஆகாது. வெயில் தின்பது அந்தப் பிசினை. அது சிதைந்தபின் தூள் தனியே நின்று என்ன காக்கும்?

வாயால் சொன்னால் போதாதென்று, சென்ற மே மாதம் விற்பனையாளரிடமே சிறிது கேட்டு வாங்கி, நம் வீட்டு மொட்டை மாடியில் பழைய தகடு ஒன்றில் ஒரு பட்டை பூசி வைத்தோம். முதல் வாரம் நீர் முத்து முத்தாக உருண்டது. மெய்யாகவே அழகாக இருந்தது. மழைக்காலம் முடிந்து அக்டோபர் வெயிலும் கழிந்தபின் விரலால் தேய்த்தால் சுண்ணாம்புபோல் வெண்பொடி ஒட்டுகிறது. நீர் பரந்து நிற்கிறது. ஓரத்தில் துரு கோடிட்டுவிட்டது. அத்தகடு பக்கத்து அறையில் மேசைமேல் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் யாவரும் தொட்டுப் பார்க்கலாம். விற்பனையாளர் ஏமாற்றுக்காரர் என்று நாம் சொல்லவில்லை. டப்பாமேல் எழுதியிருப்பதை அவர் நம்புகிறார்.

ஆக எஞ்சி நிற்பது இரண்டாமவர் வழி. அதிலும் சில திருத்தங்கள் வேண்டும். ஓட்டை விழுந்த தகடுகளைப் பூசி மறைக்க முயலாமல் மாற்றிவிட வேண்டும். நாம் ஏணி வைத்து எண்ணியதில் பதினொன்று. மற்றவற்றைக் கம்பித் தூரிகையால் துரு நீங்கத் தேய்த்து, உப்புப் போக நல்ல நீரால் கழுவ வேண்டும். உப்பின்மேல் எந்தப் பெயிண்டும் நில்லாது. பாலத்துக்கு அடித்த துத்தநாகப் பிரைமரை அவர் எழுதியிருக்கிறார். அது மணல் வீசித் தூய்மை செய்த கனத்த இரும்புக்கு உரியது. நம் மெல்லிய தகடு மணல் வீச்சைத் தாங்காது. ஆகவே கையால் தேய்த்த பரப்புக்கும், துத்தநாக முலாம் எஞ்சிய பரப்புக்கும் பொருந்தும் எப்பாக்சி பிரைமரை எழுதித் தரச் சொல்ல வேண்டும். மேற்பூச்சின் பிசின் இன்னது, கெட்டிப்பான் இன்னது என்றும் எழுத்தில் பெற வேண்டும். "புளோரின் பெயிண்ட்" என்ற சொல் மட்டும் போதாது. தெற்குச் சரிவில் வெயில் கடுமை. அங்கே புளோரின் மேற்பூச்சு. வடக்குச் சரிவுக்குச் சாதாரண பாலியூரத்தேனே போதும் என்பது நம் எண்ணம். அதனால் செலவு கணிசமாகக் குறையும். இரு சரிவும் ஒரே பளபளப்பில் இல்லையே என்று எவரேனும் குறை சொல்வாராயின், கூரையின் இரு புறத்தையும் ஒருசேரப் பார்ப்பது காக்கைகள் மட்டுமே.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். புளோரின் மேற்பூச்சின்மேல் பின்னொரு காலம் மறுபூச்சு அடிக்க வேண்டின், அதுவும் எளிதில் ஒட்டாது. தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பின்னரே பூச வேண்டும். அந்த வேலை நம் பிள்ளைகள் தலைமுறைக்கு வரும். எனவே இன்ன பூச்சு, இன்ன தேதி என்று சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.

பொதுக்குழு வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுகிறது. பிரைமர் மாற்றத்தோடு புதிய கொட்டேஷன் அதற்குள் வந்துவிடும் என்று இரண்டாமவர் சொல்லியிருக்கிறார். வேலையைத் தொடங்கினால் மே இறுதிக்குள் முடிய வேண்டும். ஜூன் பிறந்தால் மழை. அடுத்து நம் காலனிச் சிறுமியரின் நடனம். மேடையை அவர்களுக்கு விடுகிறோம்.